கனமான லென்ஸுக்கு டிரைபாட் ஹெட்: கிலோ கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவை, காட்டு விலங்கு, நிலா என்று தொலைவில் இருப்பதைப் படமெடுக்க ஆசைப்பட்டு 150-600 மி.மீ. போன்ற பெரிய லென்ஸ் வாங்குவோர் பெருகிவிட்டார்கள். லென்ஸுக்கே பணமெல்லாம் போய்விடுவதால் அதைத் தாங்கும் டிரைபாட் ஹெட்டுக்கு (முக்காலியின் உச்சியில் கேமராவைப் பிடித்துத் திருப்பும் பாகம்) மிஞ்சுவது சொற்பம்தான். அந்தச் சொற்பத்தை எதில் போடுவது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "லென்ஸ் எடையைப்போல மூன்று மடங்கு தாங்கும் ஹெட்டாகப் பார்த்து வாங்குங்கள்." இந்தப் பதில் போதாது. பல நேரங்களில் தவறான பொருளையே வாங்கவைக்கிறது. கேமரா சாதனங்களை அறிமுகப்படுத்தும் கட்டுரைகளிலும் பெட்டியில் உள்ள கிலோ எண்தான் முதலில் அச்சாகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெட்டியில் "20 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பதற்கு எல்லா நிறுவனங்களும் கட்டுப்பட்ட ஒரே அளவுமுறை கிடையாது. அவரவர் முறையில் அளந்து போடுகிறார்கள். பாரத்தை நேர் மேலே, அச்சுக்கு மேலாகவே வைத்து அளந்தால் மலிவான ஹெட்கூடப் பெரிய எண்ணைக் காட்டும், ஏனென்றால் அப்போது ஹெட்டைச் சாய்க்கப் பார்க்கும் விசையே இருக்காது. நமக்கோ சாய்வுதான் பிரச்சினை. சிக்மா 150-600 கான்டெம்பரரி லென்ஸ் ஏறக்குறைய 1.9 கிலோ. கேமராவும், லென்ஸை ஹெட்டோடு பொருத்தும் பிளேட் என்ற தட்டும் சேர்ந்தால் மொத்தம் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பாரத்தின் ஈர்ப்பு மையம் பால் ஹெட்டின் (ஒரு பந்தின் மேல் கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்கும் வகை) பந்து நடுவிலிருந்து சுமார் 10 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. மரக்கிளையை நோக்கி 30 டிகிரி சாய்த்தால் அந்த மையம் 5 செ.மீ. பக்கவாட்டில் விலகும். 3 கிலோவை 5 செ.மீ.யால் பெருக்கினால் 15 கிலோ-செ.மீ. முறுக்கு. இதைத்தான் ஹெட் உராய்வினால் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டும். 45 டிகிரி சாய்த்தால் அதுவே 21 ஆகிவிடும். பெட்டியில் இருக்கும் 20 கிலோவுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

பால் ஹெட் வாங்குவதென்றால் கிலோவை விட்டுவிட்டுப் பந்தின் விட்டத்தைக் கேளுங்கள். 36 மி.மீ. பந்தென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு 1.8 செ.மீ. தூரம்தான். மேலே சொன்ன 15 கிலோ-செ.மீ. முறுக்கைத் தடுக்க, பந்தின் மேற்பரப்பில் தோராயமாக 8 கிலோ அளவுக்கு உராய்வு வேண்டும். 54 மி.மீ. பந்தானால் ஐந்தரை கிலோ போதும். அதே இறுக்கத்தில் பெரிய பந்து அதிகம் தாங்குவதன் காரணம் இதுதான். 3 கிலோ பாரத்துக்கு 44 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள், 50-க்கு மேல் இருந்தால் நல்லது.

பெரிய பந்து வாங்கினாலும் மலிவு விலையில் இன்னொரு சிக்கல் உண்டு. நாபை (பூட்டும் கைத்திருகை) இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் படம் சற்றே கீழிறங்கும். சிறிய லென்ஸில் இது கண்ணுக்கே தெரியாது. 600 மி.மீ.யில் ஃபுல் ஃப்ரேம் கேமரா செங்குத்தாகப் பார்ப்பது வெறும் 2.3 டிகிரி. 4,000 பிக்சல் உயரமுள்ள படத்தில் 0.1 டிகிரி இறக்கம் என்றால் 175 பிக்சல். பறவையின் கண்ணில் வைத்த ஃபோகஸ் புள்ளி கழுத்துக்குப் போய்விடும். இறங்கும் அளவைக் கணக்கிட்டுச் சற்று மேலே வைத்துப் பூட்டுவது என்று பலர் பழகிக்கொள்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் பறவைக்கு அது சரி. பறப்பதற்கு உதவாது.

இதைவிட மோசமானது, பூட்டைத் தளர்த்திய நொடியில் லென்ஸ் தலைகுப்புற விழுவது. பால் ஹெட்டில் பாரம் முழுவதும் பந்துக்கு மேலே இருக்கிறது. விரல் நுனியில் குச்சியை நிறுத்துவது போன்ற நிலை அது. கை நழுவினால் லென்ஸ், ஹெட்டின் பக்கவாட்டில் வெட்டியிருக்கும் காடிப் பக்கமாகப் போய் விழும். லென்ஸ் டிரைபாட் காலில் மோதும், சில சமயம் டிரைபாடே சாய்ந்துவிடும். பால் ஹெட்தான் வேண்டும் என்பவர்கள், பூட்டும் நாபிலிருந்து தனியாக உராய்வை மட்டும் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் பூட்டு தளர்ந்தாலும் பாரம் உடனே விழாது. அப்போதும் ஒரு கை லென்ஸின் மேல் இருந்தே ஆக வேண்டும்.

கிம்பல் ஹெட் இந்தக் கணக்கையே தலைகீழாக்குகிறது. எல் வடிவக் கையில் லென்ஸைத் தொங்கவிட்டு, ஈர்ப்பு மையம் சாய்வு அச்சின் மேலேயே விழும்படி வைப்பதுதான் அதன் தத்துவம். சீசா பலகையின் நடுவில் அமர்ந்தவரைப் போல லென்ஸ் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். முறுக்கு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் பூட்டுக்குப் பெரிய பலம் தேவையில்லை. குறைந்த பட்ஜெட்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பால் ஹெட் நன்றாக வேலைசெய்ய, பந்தைத் துல்லியமாகக் கடைந்திருக்க வேண்டும். அந்தத் துல்லியத்துக்குப் பணம் செலவாகும். கிம்பலில் இருப்பது இரண்டு அச்சு, இரண்டு நாப், பிளேட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப். செய்வது எளிது. பாரத்தைப் பிடித்து நிறுத்துவது சமநிலையே தவிர இறுக்கம் அல்ல. எனவே ஒரே விலையில் ஒரு பால் ஹெட்டும் ஒரு கிம்பலும் கிடைத்தால், கனமான லென்ஸுக்குக் கிம்பல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பறப்பதை, ஓடுவதைத் துரத்திப் படமெடுப்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம்.

அதற்காக எந்தக் கிம்பலும் சரி என்று இல்லை. விலை குறைத்தவர்கள் எங்கே குறைத்திருப்பார்கள் என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும். முதல் இடம் சுழலும் அடிப்பாகம். நல்ல ஹெட்டில் பேரிங் இருக்கும். மலிவானதில் நைலான் வாஷரும் கெட்டி கிரீஸும் இருக்கலாம். அசையாமல் நின்றதை நகர்த்தச் சற்று அதிக விசை வேண்டும், நகர்ந்ததும் அந்த விசை மிகுந்துபோய்ப் படம் குதிக்கும். இதை வியூஃபைண்டரில் பார்த்தால்தான் தெரியும். ஹூடின் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்புக் குழல்) நுனியை ஒரு விரலால் மிக மெதுவாகத் தள்ளுங்கள். படம் வழுக்கிக்கொண்டு கிளம்பினால் நல்லது, வெடுக்கென்று கிளம்பினால் அந்த ஹெட் வேண்டாம். குளிரில் கிரீஸ் இறுகி இது இன்னும் கூடும்.

இரண்டாவது, கையும் அடிப்பாகமும் சேரும் மூலை. எல் வடிவத்தை ஒரே துண்டாகச் செய்யாமல் இரண்டாகச் செய்து திருகால் இணைத்திருப்பார்கள். அது தவறல்ல. திருகு தளர்ந்து ஆட்டம் கொடுப்பதுதான் தவறு. இரண்டு நாபையும் இறுக்கிப் பூட்டிவிட்டு, ஒரு கையால் ஹூடின் நுனியை மேலும் கீழும் லேசாக அசையுங்கள். மறு கையின் விரலை முதலில் கிளாம்பும் பிளேட்டும் சேரும் இடத்திலும், பிறகு சாய்வு அச்சிலும், பிறகு அந்த மூலையிலும், கடைசியில் ஹெட்டும் டிரைபாடும் சேரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். அசைவு எங்கே பிறக்கிறது என்பதை விரல் சொல்லிவிடும். மூலையில் என்றால் ஆலன் கீ கொண்டு இறுக்கிப் பார்க்கலாம். அச்சிலேயே ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி.

இந்தச் சோதனையில் குற்றவாளி பல நேரம் ஹெட்டாக இருக்காது, லென்ஸைச் சுற்றியுள்ள வளையமான காலராகவோ, அதிலிருந்து கீழே நீண்டு பிளேட்டில் பொருந்தும் அடிக்காலாகவோ இருக்கும். ஒல்லியான, நீண்ட அடிக்கால் உள்ள லென்ஸை எந்த ஹெட்டில் வைத்தாலும் துடிக்கும். அந்த நிலையில் ஹெட்டை மாற்றுவது வீண்செலவு. குட்டையான மாற்று அடிக்கால் வாங்குவதே சரி. கிளாம்ப் கவ்வும் சரிந்த ஓரக் காடி (டவ்டெயில்) அதிலேயே வெட்டப்பட்டிருந்தால் தனி பிளேட்டும் தேவைப்படாது.

பிளேட் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் லென்ஸ் கீழே விழுவது பெரும்பாலும் இங்கேதான். இப்போது பரவலாக இருப்பது ஆர்கா-ஸ்விஸ் முறை: சுமார் 38 மி.மீ. அகலம், சரிந்த ஓரம். ஒரே முறை என்ற பெயர் இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அகலத்தில் சிறு வித்தியாசம் உண்டு. திருகி இறுக்கும் கிளாம்ப் அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும். ஒரே தட்டில் பூட்டும் லீவர் கிளாம்ப் ஏற்காது. சற்றே ஒல்லியான பிளேட்டை லீவரில் போட்டால் பூட்டியது போலவே தெரியும், தூக்கித் தோளில் வைத்ததும் வழுக்கும். மலிவு ஹெட்டும் வேறு நிறுவனப் பிளேட்டும் கலந்து பயன்படுத்துபவர்கள் திருகு கிளாம்பையே வாங்குங்கள்.

பிளேட்டின் நீளம் குறைந்தது 100 மி.மீ. வேண்டும், 120-150 இருந்தால் முன்பின் நகர்த்திச் சமநிலை பார்க்க வசதி. லென்ஸின் அடிக்காலில் இரண்டு ஓட்டை இருந்தால் இரண்டிலும் திருகு போடுங்கள். ஒற்றைத் திருகில் நிற்கும் பிளேட், கனமான லென்ஸின் நீளமே நெம்புகோலாகி, மெல்லத் திரும்பித் தளரும். ஒரே ஓட்டைதான் என்றால், அடிக்காலின் விளிம்பை அணைக்கும் உதடு உள்ள பிளேட் பாருங்கள். பிளேட்டின் இரு முனையிலும் அடியில் சிறு நிறுத்தத் திருகுகள் வேண்டும். கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் நழுவி வெளியே போகாமல் அவை தடுக்கும். நகர்த்த இடைஞ்சலாக இருக்கிறது என்று பலர் இவற்றைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கிம்பலை வாங்கிவிட்டு "சரியில்லை" என்று விற்பவர்களில் பலர் அதைச் சமநிலைப்படுத்தாமலே பயன்படுத்தியவர்கள். முறை இதுதான். முதலில் டிரைபாடின் மேல்தட்டை ரசமட்டம் பார்த்துச் சமமாக்குங்கள். சமமில்லாவிட்டால் லென்ஸைத் திருப்பத் திருப்ப அடிவானம் சாயும். கேமரா, ஹூட் எல்லாவற்றையும் மாட்டிய பிறகே லென்ஸை ஏற்ற வேண்டும். ஏனெனில் ஹூட் சேர்ந்தாலும் கழன்றாலும் சமநிலை மாறிவிடும். கிளாம்பை இறுக்கி, லென்ஸைக் கையில் பிடித்தபடியே சாய்வு நாபைச் சிறிது தளர்த்துங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் கிளாம்பில் லென்ஸைப் பின்னுக்கு நகர்த்துங்கள், கேமரா பக்கம் தாழ்ந்தால் முன்னுக்கு. இந்த அளவோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

இனி உயரம். லென்ஸை 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள். அது தானே கிடைமட்டத்துக்குத் திரும்பி வந்தால், ஈர்ப்பு மையம் அச்சுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். லென்ஸ் நிற்கும் தட்டை உயர்த்த வேண்டும். மேலும் சாய்ந்துகொண்டே போனால் மையம் அச்சுக்கு மேலே இருக்கிறது; தட்டை இறக்க வேண்டும். விட்ட இடத்தில் நின்றால் முடிந்தது. இந்த உயரத் திருத்தம் இல்லாத, தட்டு ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் கிம்பல்களும் விற்பனைக்கு உண்டு. கொஞ்சம் பணம் மிச்சமாகும் என்று அதை வாங்க வேண்டாம். சமநிலை பிடித்ததும் கிளாம்பின் விளிம்பு பிளேட்டில் எங்கே வருகிறதோ அங்கே ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்த முறை பத்து விநாடியில் வேலை முடியும்.

ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளும் லென்ஸ்களில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. 150-இல் பிடித்த சமநிலை 600-இல் நிற்காது, முன்பக்கம் கனத்துவிடும். எந்த மி.மீ.யில் அதிகம் எடுப்பீர்களோ அதில் சமநிலை பிடித்துவிட்டு, மற்ற இடத்தில் சாய்வு நாபின் உராய்வைச் சற்றுக் கூட்டிச் சமாளிக்க வேண்டியதுதான். சோனி 200-600 போல உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கிம்பலின் குறைகளையும் சொல்ல வேண்டும். அலுமினியத்தில் செய்தது ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கும். மலையேறிப் போகிறவர்களுக்கு அது பாரம்தான். காலர் இல்லாத சிறிய லென்ஸ்களுக்கு அது பயன்படாது. எடை குறைய வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள பெரிய பால் ஹெட்டின் மேல் மாட்டிக் கிம்பலாக்கும் பக்கவாட்டு இணைப்பு கிடைக்கிறது. பந்தை 90 டிகிரி காடியில் படுக்கவைத்து, லென்ஸைப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கும் அமைப்பு அது. சுழற்சிக்குப் பால் ஹெட்டின் அடிப்பாகத்தையே நம்பியிருப்பதால் அந்த அடிப்பாகம் வழுவழுப்பாகச் சுழல வேண்டும். இரண்டு, இரண்டரைக் கிலோ லென்ஸ் வரை சரி. 3.9 கிலோ உள்ள கேனான் 600 எஃப்/4 இரண்டாம் பதிப்பு, 5 கிலோவைத் தாண்டும் நிக்கான் 600 எஃப்/4ஜி போன்றவற்றை இதில் ஏற்றுவது துணிச்சல் அல்ல, அறியாமை.

வீடியோவும் எடுப்பவர்கள் ஃப்ளூயிட் ஹெட் (உள்ளே உள்ள திரவத்தின் தடையால் சீராகத் திரும்பும் வகை) கேட்பார்கள். நல்ல ஃப்ளூயிட் ஹெட்டில், பாரம் சாயும்போது திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் இருக்கும். மலிவானவற்றில் பல, பெயரில்தான் ஃப்ளூயிட். உள்ளே வெறும் கிரீஸ். கைப்பிடியைத் திருப்பி நிறுத்திக் கையை எடுத்தவுடன் படம் சற்றே பின்னுக்கு வந்தால் அது அந்த வகை. நிலாவை எடுப்பவர்களுக்கு மூன்று கைப்பிடி உள்ள பழைய பாணி பேன்-டில்ட் ஹெட்டே போதும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் நிலா தன் விட்டத்தளவு நகர இரண்டு நிமிடம்தான் ஆகிறது. ஒவ்வொரு அச்சாகத் தனித்தனியே திருத்தும் வசதி அங்கே கைகொடுக்கும்.

ஹெட்டைக் கால்களோடு இணைக்கும் இடத்தையும் ஒரு முறை பாருங்கள். பெரிய ஹெட்டுகளின் அடியில் 3/8 அங்குல மரை இருக்கும். சிறிய டிரைபாடில் 1/4 அங்குலத் திருகுதான் இருக்கிறது என்று இடையில் ஒரு பித்தளைப் புஷ் போட்டுப் பொருத்தினால் அதுவே பலவீனப் புள்ளி. சுழற்சி நாப் இறுகியிருக்கும்போது லென்ஸை இடப்பக்கமாகத் திருப்பினால், ஹெட் சுழல்வதற்குப் பதில் டிரைபாடின் திருகிலிருந்தே கழன்று வரும். கழல்வது கைக்கு நன்றாகச் சுழல்வது போலவே தோன்றும் என்பதுதான் ஆபத்து. மேல்தட்டின் அடியில் ஹெட்டைப் பூட்டும் சிறு திருகுகள் இருந்தால் இறுக்கிவையுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். உயர்த்திவிட்டால் எந்த ஹெட்டும் அதைக் காப்பாற்றாது.

கால்கள் துடிக்கிறதா, ஹெட் துடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, தொலைவில் உள்ள எழுத்து ஒன்றைப் பாருங்கள். ஹூடை ஒரு தட்டுத் தட்டி, ஆட்டம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். பிறகு கால்களின் ஒல்லியான கடைசிப் பகுதியை உள்ளே தள்ளிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். விரைவாக அடங்கினால் குறை காலில். மாற்றமே இல்லையென்றால் ஹெட்டிலோ காலரிலோ.

பழைய ஹெட் வாங்கலாமா என்றால், தாராளமாக. நல்ல தயாரிப்பில் வந்த பழைய பால் ஹெட் பல புதிய மலிவு ஹெட்டுகளைவிட மேல். பந்தைச் சுற்றிலும் திருப்பிப் பார்த்து, கீறலோ எங்காவது சிக்குவதோ இருந்தால் விட்டுவிடுங்கள். மணல் புகுந்த பந்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், பிசுக்கு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். எண்ணெய் விடக் கூடாது. பந்து நிற்பதே உராய்வால்தான். எண்ணெய் அந்த உராய்வைத்தான் முதலில் கெடுக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி டிரைபாட் ஹெட் எதையாவது அறிமுகப்படுத்தும்போது பெட்டியில் உள்ள கிலோ எண்ணோடு, எந்த லென்ஸை வைத்து எத்தனை டிகிரி சாய்த்துப் பார்த்தார்கள், பூட்டிய பிறகு படம் எத்தனை பிக்சல் இறங்கியது என்ற இரண்டு விவரங்களையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். அரை மணி நேரத்தில் அளந்துவிடக்கூடிய விவரங்கள்தான் அவை.

இப்படிக்கு,
பறவைப் படங்கள் எடுக்கும் வாசகர் ஒருவர்